மூன்று சுவர்களில் அக்னஸ்

மூன்றாவது சுவரிலும் என் மனைவிதான் இருந்தாள்.

செர்டாங் பஸ் நிலையத்தின் பின்சுவர். கரியால் வரைந்த முகம், இரண்டு முழ உயரம். முதல் முகம் போன வாரம் காய்கறி வாங்கும் பாசார் சுவரில் வந்தது, இரண்டாவது பள்ளிக்கூட மதிலில். எதிலும் வரைந்தவன் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் அக்னஸின் அகன்ற நெற்றியும் அழுத்தமான உதடும் கன்னத்து மச்சமும் இருந்தன.

எனக்குத் தொழில் சைன்போர்டு எழுதுவது. நகைக்கடைக்கு லட்சுமி, கோயிலுக்கு மாதா, பற்பொடிக்குச் சிரிக்கிற பெண் என்று, இந்த ஊரில் மோரிஸ் வரையாத பெண் கிடையாது என காப்பிக்கடையில் பீற்றிக்கொள்வேன். இப்போது அதே காப்பிக்கடையில் என் கூட்டாளி முனியாண்டி தோளைத் தட்டினான்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்லா. ஒன்னவிட."

எவனோ என் மனைவியை வரைந்தது ஒரு வலி. என்னைவிட நன்றாக வரைந்திருந்தான் என்பது அதைவிடப் பெரிய வலி. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அக்னஸும் கொஞ்ச நாளாகச் சரியில்லை. விடிகாலை பாசாருக்குப் போனால் திரும்ப நேரமாகிறது. கூடத்தில் ஆணியில் தொங்கிய கண்ணாடி சமையலறை ஜன்னலுக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்டால், வெளிச்சம் அங்கேதான் என்றாள். பவுடர்கூடப் பூசாத பெண்பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு வெளிச்சம்?

தஞ்சோங் டாவாயில் இருக்கும் அவள் அண்ணன் லியோனார்டுக்குக் கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ, இனி அவள் இங்கே வேண்டாம் என்று. அந்தக் கோபத்திலும் எழுத்து அச்சுப்போல விழுந்தது. தொழில் அப்படி.

ஸ்டாம்பு ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தபால் பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஆளைப் பிடித்துவிட வேண்டும்.

மூன்று சுவர்களையும் மறுபடி போய்ப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. மூன்றிலும் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. அக்னஸுக்கு அது வலது கன்னத்தில். இதை உறுதிசெய்ய நான் ராத்திரி வீட்டுக்குப் போய், அவள் சோறு போடும்போது ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

பக்கம் மாறிய மச்சம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுக் கழுவினால் படம் அப்படித்தான் வரும். இந்த ஊரில் அக்னஸின் நெகட்டிவை வைத்திருப்பவன் ஒருத்தன்தான், எங்கள் கல்யாணத்துக்குப் படம் பிடித்த ஸ்டூடியோ பரஞ்சோதி. தோள்வரை முடி, கிதார், சனிக்கிழமையானால் கல்யாண வீடுகளில் சொந்தப் பாட்டு பாடும் பேண்டு. வேறென்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். என் துப்பறியும் திறமையை முழுதாக அவிழ்த்துக் கொட்டினேன். பரஞ்சோதி கோபப்படவில்லை. பழைய பெட்டியைக் கிளறி எங்கள் கல்யாண நெகட்டிவை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். ஒன்பது படம். ஒன்பதிலும் அக்னஸ் தலையைக் குனிந்திருந்தாள். நெற்றியும் பூவும்தான் தெரிந்தன.

"அண்ணி அன்னிக்கு நிமிரவே இல்லண்ணே. அவங்களுக்கு மச்சம் இருக்குன்னே எனக்குச் சுவரப் பாத்துத்தான் தெரியும்."

மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே போகத் திரும்பினேன். அவன் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, என் நல்லதுக்குத்தான், இன்னொன்றும் சொன்னான்.

"ஆளு எதிர்ல இல்லாம இவ்வளவு நுணுக்கம் வராதுண்ணே. அண்ணி யாருக்கோ மணிக்கணக்கா உக்காந்து குடுத்திருக்காங்க."

உச்சி வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். வழியில் பள்ளிக்கூட மதில் வந்தது, பாசார் சுவர் வந்தது. இரண்டு இடத்திலும் அவள் நேராக என் கண்ணைப் பார்த்தாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்னஸ் சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று திரும்பி, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். உறைமேல் அண்ணன் பெயரைப் படித்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

கடைசியாகக் கேட்டேன்.

"யாரு முன்னாடி போயி மணிக்கணக்கா உக்காந்திருந்த, அக்னஸ்?"

அவள் கையை முன்னால் நீட்டிக் கடிதத்தை எடுத்தாள். வெள்ளை உறையில் நான்கு விரல் தடம் கறுப்பாகப் பதிந்தது. அடுப்பு அன்றைக்கு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

"கண்ணாடி முன்னாடிதாங்க... நீங்க ஒரு நாளும் என்னைய வரையலியே."