பதினொரு மணி மேகம்

"மறுபடியும் மேகம் வந்துடுச்சு" என்றாள் யாங்டோல்.

வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. லே நகரத்து ஜனவரி வானம் நீலமாக, வெறுமையாகக் கிடந்தது.

அவள் கணவர் புஞ்சோக் தலையை ஆட்டினார். கண்ணாடி அறையில், ஜன்னலை ஒட்டி விரித்த கம்பளத்தில், தெற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். பார்த்து என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவருக்குக் கண் போய் இது மூன்றாவது குளிர்காலம்.

ராத்திரி வாளித் தண்ணீர் கல்லாகிவிட்டிருந்தது. காலையில் கரண்டிக் காம்பால் இடித்துத்தான் தேநீருக்கு எடுத்தாள். ஆனால் வெயில் ஏறிவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு வேர்க்கும். இரண்டடி தள்ளி நிழலில் நின்றால் பல் கிட்டிப்போகும். இந்த ஊரில் பகலெல்லாம் வெயிலை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். வறட்டியைச் சாயங்காலத்துக்கு முன்னால் அடுப்பில் போட்டால் மார்ச் வரை தாங்காது.

இந்த வருஷம் பதினொரு மணிக்கே வெயில் போய்விடுகிறது.

தெற்கே, அவர்களுடைய பார்லி வயல் இருந்த இடத்தில், மூன்று மாடி ஓட்டல் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. விருந்தாளிகள் மே மாதம்தான் வருவார்கள். நிழல் மட்டும் முன்கூட்டியே வந்து தங்கிவிட்டது.

வயலை விற்றவள் யாங்டோல். அவர் கண் ஆபரேஷனுக்காக, போன வருஷத்துக்கு முந்தின ஜூலையில் விற்றாள்.

"நிழலை அளந்து பாத்தியா?" என்று அவர் அப்போதே கேட்டார்.

அளந்தாள். கடைவீதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சிவேளை நிழலைக் காலால் அளந்தாள். மூன்று தப்படி. எதற்கும் இருக்கட்டும் என்று பத்துத் தப்படி இடம் விடச் சொல்லிப் பத்திரத்திலேயே எழுதவைத்தாள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஜூலைச் சூரியன் தலைக்கு மேலே போகும். ஜனவரிச் சூரியன் மலை விளிம்பை விட்டு எழும்பவே சோம்பல்பட்டு, தாழத் தாழ நகரும். நிழல் இருபது தப்படி நீளும். இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். சண்டிகருக்குப் புறப்படுகிற அவசரத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

கண்ணும் வரவில்லை.

போன கோடையில் கட்டுகிற சத்தம் கேட்டு அவர் விசாரித்தபோது, வெறும் தரைத்தளம்தான் என்றாள். நவம்பரில் நிழல் ஜன்னலைத் தொட்டபோது, மேகம் என்றாள். அன்றிலிருந்து தினமும் மேகம்தான். தெருவுக்கே சொல்லிவைத்திருந்தாள்.

போன வாரம் அவர் கேட்டார்: "இத்தனை மேகம் வந்தும் ஒரு பொட்டுப் பனி விழலியே?"

"எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் விழுதாம்."

"கொடுத்துவெச்சவங்க" என்றார் அவர்.

கதவை இடித்துத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டு லாமோ தலையை நீட்டி, அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னாள்.

"ஜூலே! அக்கா, தண்ணி லாரி வந்தாச்சு, கேனைத் தூக்கிட்டு ஓடி வாங்க. அப்பப்பா, வெளியே என்ன வெயில்! கண்ணைத் திறக்க முடியல."

யாங்டோல் அவளைப் பார்த்த பார்வையில் லாமோ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதாவது... எங்க பக்கம் மட்டும்" என்று முனகிவிட்டுக் கதவைச் சாத்தாமலே ஓடிப்போனாள்.

யாங்டோல் கதவைச் சாத்தினாள். இரண்டு கேன்களையும் கையில் எடுத்தாள். லாரியை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்தான். ஆனாலும் கால் நகரவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும். லாமோவுக்குக் கிறுக்கு என்று சொல்லலாம். மேகம் இப்போதுதான் நம் வீட்டுப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லலாம்.

எதையும் சொல்லத் தெம்பில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. தண்ணீரைச் சுமந்துவிடலாம், இந்த மேகத்தைச் சுமக்கத்தான் முடியவில்லை.

புஞ்சோக் வலது கையை மட்டும் அங்கியின் கைக்குள் இழுத்துக்கொண்டார். இடது கை முழங்காலின் மேலேயே, உள்ளங்கை மலர்ந்து, வெயிலில் கிடந்தது.

தினமும் அப்படித்தான் செய்வார். முதலில் வலது கை, கொஞ்ச நேரம் கழித்து இடது கை. ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள். ஓட்டலின் நிழல் கம்பளத்தின் வலது ஓரத்திலிருந்து கோடு போட்டதுபோல நகர்ந்து வந்து, அவர் மடியில் பாதியில் நின்றது. மேகம் வந்தால் இரண்டு கையும் ஒரே நேரத்தில்தான் குளிரும்.

கேன்கள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டன.

"யாங்டோல்" என்றார் அவர். "அந்த மேகத்துக்கு எத்தனை மாடி?"

அவள் ஜன்னல் வழியே ஓட்டலைப் பார்த்தாள்.

"மூணு."

கீழே தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். புஞ்சோக் கையை ஊன்றி, வலது பக்கமாக, நிழலுக்குள் நகர்ந்து உட்கார்ந்தார். இடது பக்கத்துக் கம்பளத்தைத் தடவிப் பார்த்துத் தட்டினார்.

"இங்க வந்து உக்காரு. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."