தண்ணிப்பொடி

மூன்றாவது மயக்க ஊசி போட்டும் ஓவியாவின் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகவில்லை. வயிற்றுக்குள் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"அம்மா, கத்தி படறது தெரியுதும்மா!"

டாக்டர் கையை எடுத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு தண்ணிப்பொடி சாப்பிட்டிருக்குதுங்களா?"

வாசலில் நின்றிருந்தது ஓவியாவின் அம்மா கோகிலவாணி. அந்தப் பொடியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். ஒரு சிட்டிகை விழுங்கினால் போதும். அது வினையூக்கியாக உடம்பிலேயே தங்கி, நஞ்சு எதுவானாலும் பிடித்து உடைத்துவிடும். சாயப்பட்டறைக் கழிவு ஓடும் ஆற்றுத் தண்ணீரைக்கூட அப்படியே குடிக்கலாம். முதல் சிட்டிகையை மகளுக்குத்தான் ஊட்டினாள்.

"சின்ன வயசுலயே குடுத்தேனுங்க."

"அது மயக்க மருந்தையும் விஷம்னு உடைச்சுப் போடுதுங்க. எப்ப அடங்கும்? சீக்கிரம் சொல்லுங்க, புள்ள தாங்காது."

விருது வாங்கிய மேடைகளில் எல்லாம் அவளுக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வாக்கியம் ஒன்று உண்டு. இப்போதும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"வினையூக்கி தேயவே தேயாதுங்க."

டாக்டர் மறுபடி கத்தியை எடுத்தார்.

"அப்ப உள்ள வாங்க. பொண்ணு கையக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."