டயரில் ஏறி வந்த ஊர்கள்

படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய சுற்றுலா வேன் ஒன்று கடலோரச் சரிவில் நின்றது. போகும் ஊருக்கெல்லாம் வேனிலேயே கூட வரும் ஒரு கல் அதன் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்தது. கல் நகர்ந்தால் வேன் கடலுக்குள்தான்.

பேய்க்காற்று கிளம்பியதும் வேன் கிடுகிடுத்தது. "விட்டுடாதேடா!"

"நான் இருக்கேன்ல, தூங்குண்ணே," என்றது கல்.

காற்று கல்லின் காதில் ஓதியது: "பாவம்டா நீ. இத்தனை ஊர் சுற்றியும் இந்த டயரைத் தவிர என்னத்தைப் பார்த்தே? உன் முதுகுக்குப் பின்னாலேயே கடல் இருக்கு. கொஞ்சம் நகர்ந்து திரும்பிப் பாரேன்."

கல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தது. பழைய பயணமெல்லாம் அதன் நெஞ்சில் ஓடிற்று.

"தேரிக்காட்டுச் செம்மண், தனுஷ்கோடி மணல், வால்பாறைச் சேறு... அந்தச் சேத்துல ஒரு தேயிலைகூட ஒட்டியிருந்துச்சு. எல்லா ஊரும் இந்த டயர்ல ஏறி என்னைப் பார்க்க வந்துச்சுய்யா," என்றது.