கருவாட்டுக்குக் கட்டிய வலை

"என்ன நல்லம்மாக்கா இது?"

சல்லி ஊர்க் கடற்கரையில் மருத்துவிச்சி இராசமலரின் சைக்கிள் நின்றது. போன மாதம் வீடு வீடாகச் சும்மா கொடுத்த நுளம்பு வலை, காய்கிற கருவாட்டின் மேல் விரித்துக் கிடந்தது.

"இலையான் மொய்க்குது மிஸ்ஸி." நல்லம்மா சிரித்தாள்.

"ஊர் முழுக்க மலேரியா. உங்கட மகளுக்கு ஆறு மாசம். போன முறையும் காய்ச்சலிலதானே பிள்ளை கலைஞ்சது?"

"காய்ச்சல் வந்தால் குளிசை தருவியள். கருவாட்டில புழு வைச்சால் என்ன தருவியள்?"

புழுவுக்கு இராசமலரிடம் குளிசை இல்லை. ஆனால் மூளை இருந்தது. சும்மா கொடுத்தால் சும்மாதான் கிடக்கும் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்த மாதம் சுகாதாரக் கந்தோரில் புது வலை மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. அவள் பத்தே பத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"வெளிநாட்டுச் சாமான். ஊருக்குப் பத்துத்தான். கையெழுத்து வைக்க வேணும். சண்டைக் காலம், இனி வராது."

அவ்வளவுதான். அம்மன் கோயிலடியில் ஒரே தள்ளுமுள்ளு. நல்லம்மா முன்னால் நின்றவளின் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டு ஒன்றைப் பறித்துக்கொண்டாள். இராசமலருக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம்.

இரண்டு கிழமை கழித்துப் பார்க்கப் போனாள். கருவாட்டின் மேல் வலை இல்லை. மகளின் கட்டிலிலும் இல்லை.

"வலை எங்க?"

நல்லம்மா பெருமையோடு அலுமாரியைத் திறந்தாள். கூறைச்சேலைக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாமல், பூச்சி உருண்டையோடு இருந்தது.

"அடிபட்டு வாங்கினதை நெடுகப் பாவிச்சுக் கிழிக்க ஏலுமே மிஸ்ஸி? பிள்ளை பிறக்கட்டும், தொட்டிலுக்குக் கட்டுவம்."

"பிள்ளை பிறக்கத் தாய் இருக்க வேணுமெல்லே!"

இராசமலருக்கு ஆத்திரத்தில் கண்ணே கலங்கிவிட்டது. தானே கட்டிலில் ஏறி வலையைக் கட்டி, மகளை உள்ளே படுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் இறங்கினாள்.

அந்தக் கிழமையே இராசமலருக்கும் காய்ச்சல். பட்டப்பகலில் குளிர் உலுக்கியது. கணவர் கனகரத்தினம் இரண்டாவது போர்வையையும் போர்த்திவிட்டார்.

"இந்தச் சனத்துக்கு அறிவே இல்லையப்பா," பல் கிடுகிடுக்கப் புலம்பினாள். "நல்ல வலையை அலுமாரியில பூட்டி வைச்சுப்போட்டு நுளம்புக்கடியில கிடக்குதுகள்."

"ஓம், அது சரி. கந்தோரில உமக்கும் ஒரு வலை தந்தவையெல்லே, அது எங்க?"

இராசமலர் போர்வையைத் தலைக்கு மேலால் இழுத்துக்கொண்டாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"அலுமாரியில. ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தால் தேவைப்படுமெண்டு கவனமா எடுத்து வைச்சனான்."