இழுத்தாலும் கழலாதது

இந்த இயர்பட் சோடியும் சரிவரவில்லை.

நிரூபா அதைக் காதில் திருகிப் பொருத்தி, இரண்டு விரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கையோடு வந்துவிட்டது.

ஓடும்போது யாரும் இப்படிப் பிடித்து இழுக்கப் போவதில்லையே என்று கடையில் நின்ற தாடிக்காரன் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. பரீட்சித்துப் பார்க்கவென்று மேசையில் வைத்திருந்த இயர்பட் அது. அதன் வலைக் கண்களில் யாரோ ஒருவருடைய காதுக் குறும்பி மஞ்சளாக அடைத்துக் கிடந்தது. ஸ்பிரிட் துணியால் துடைத்துத்தான் கொடுத்தான். துடைத்ததில் அது இன்னும் உள்ளே போயிருந்தது.

நிரூபாவுக்கு வேலை ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில். சளி, சீழ், மலம் எல்லாம் காலையிலிருந்து அவள் கையால்தான் போகும். ஒருநாளும் குமட்டியதில்லை. குப்பிக்குள் இருப்பதற்குக் கை கிடையாது.

"பழசைத் துலைச்சுப்போட்டு இப்ப கடைக்காரனுக்கு விசர் பிடிக்க வைக்கிறாய்," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா. "உன்ரை காது கழண்டு விழுந்தாலும் நான்தான் பின்னாலை வந்து பொறுக்க வேணும்."

பழசு தொலையவில்லை. ஜிம்மின் கழிவறையில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடதாசியில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டது நிரூபாதான்.

இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

காரில் வரும்போதே வாக்கியத்தை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள். 'வரதராஜா அங்கிள்' என்று தொடங்கும். அதற்குமேல் ஒரு சொல்லும் நகராது.

அப்பா வில்லாவுட் குடிவரவுத் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில், ஞாயிறு தவறாமல் அம்மாவையும் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் வரதராஜா அங்கிள். வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தவரும் அவர்தான். இன்றைக்கும் அவர் வீட்டுக்கு வந்தால் அம்மா கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் இருக்கச் சொல்வாள்.

இதயத்தில் சத்திரசிகிச்சை செய்தபிறகு டொக்டர் நடக்கச் சொன்னார் என்று, அவள் போகும் லிட்கம் ஜிம்முக்கே அவரும் வரத் தொடங்கினார். எத்தனை டிரெட்மில் சும்மா கிடந்தாலும் அவளுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அவருக்கு வேண்டும்.

போன கிழமை அவள் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கிட்ட வந்தார்.

"என்ன பிள்ளை கேக்கிறாய்? எனக்கும் கொஞ்சம் தாவன்."

கேட்ட கையோடு அவள் காதிலிருந்து ஒன்றை உருவித் தன் காதில் வைத்தார். நரைமயிர் புடைத்த காது. ஆட்காட்டி விரலால் உள்ளே அழுத்தினார். பாட்டு முடியும்வரை தலையாட்டினார்.

பிறகு அதைத் துடைக்காமல், அவளிடம் தராமல், தானே அவள் காதுக்குள் வைத்துத் திருகினார்.

ஈரமாக இருந்தது. இளஞ்சூடாக இருந்தது. விரலை எடுக்க அவருக்கு அவசரம் இருக்கவில்லை. அது காது மடலைத் தாண்டிக் கழுத்துவரை வந்துவிட்டுத்தான் போனது.

அவள் அசையாமல் நின்றாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் காதைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஸ்பிரிட் விட்டாள். எரிந்தது. அந்தச் சூடு மட்டும் போகவில்லை. இப்போதும் சாப்பிடும்போது நினைவு வந்தால், வாயில் இருப்பதைத் துப்பத்தான் தோன்றுகிறது.

தாடிக்காரன் வேறொன்றை எடுத்துவந்தான். இரைச்சலை வெட்டுமாம், வியர்வைக்குப் பழுதாகாதாம். நிரூபா அதைக் காதில் பொருத்தினாள்.

இழுத்துப் பார்க்க அவள் கை உயரும் முன்பே இன்னொரு கை வந்தது.

அம்மா. இரண்டு விரலால் பிடித்து, சட்டென்று ஒரு இழுவை. வந்துவிட்டது. அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு தாடிக்காரனைக் கூப்பிட்டு, தன் காதைச் சுற்றி விரலால் ஒரு வளையம் போட்டுக் காட்டினாள். அவன் விளங்கிக்கொண்டு, காதின் பின்பக்கமாக வளைந்து பிடிக்கும் கொக்கி வைத்த சோடியைக் கொண்டுவந்தான்.

அம்மாவே அதை நிரூபாவின் காதில் மாட்டினாள். இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். நிரூபாவின் தலையே கூட வந்தது. கொக்கி மட்டும் கழலவில்லை.

"இது நல்லம்," என்றாள் அம்மா, பெட்டியைத் திருப்பிப் பார்த்தபடி. "இனி அந்தாள் இழுத்தாலும் வராது."

நிரூபா இன்னும் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

ஜிம்மின் முன்சுவர் முழுவதும் கண்ணாடி. அவளை ஏற்றிப்போக வரும் அம்மா காரை நிறுத்துவது அதற்கு நேர் எதிரே. எப்போதும் நேரத்தோடு வந்துவிடுவாள்.

அப்படியென்றால் அன்றைக்கு அம்மா காருக்குள்ளேயே இருந்திருக்கிறாள். நிரூபா வந்து ஏறியதும், இடுப்பை நெளித்து, நாரி நோகுது என்றபடி வீட்டுக்கு ஓட்டிவந்திருக்கிறாள். இயர்பட் எங்கே என்று கேட்டிருக்கிறாள். தொலைந்துவிட்டது என்றதும் ஏசியிருக்கிறாள்.

சொல்ல வைத்திருந்த வாக்கியம் இனித் தேவையில்லை.

கொக்கியில் சிக்கிய முடியை ஒதுக்கிவிட அம்மா கையை நீட்டினாள்.

அன்றைக்கு அசையாமல் நின்ற தலை, இப்போது தானாகப் பின்னுக்குப் போனது.