இறக்கிவிட்ட கைலி

கொச்சியிலிருந்து லாரியில் வந்த ஜான்சியின் பாய்மரப் படகு, கடலே இல்லாத போடி ஊரில், பலவேசத்தின் பட்டறையில் கட்டைகள்மேல் நின்றது. தண்ணீருக்குள் அமிழும் அடிப்பக்கத்து வால்வுகளை மாற்றச் சொல்லியிருந்தாள். பலவேசம் பழையதையே பாலிஷ் போட்டு மாட்டியிருந்தார்.

அவளைக் கண்டதும், மடித்துக் கட்டியிருந்த கைலியை மரியாதையாக இறக்கிவிட்டார்.

“எல்லாம் மாத்திட்டீகளாண்ணே?”

“எல்லாம் புதுசும்மா. சொட்டுத் தண்ணி உள்ள வராது.”

ஜான்சி ஏணியில் ஏறிப் பார்த்தாள். போடியில் மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. லாரியிலிருந்து காய்ந்தே இறங்கிய படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

மேலே தண்ணீர் அளையும் சத்தம் கேட்டு, பலவேசம் தலையைத் தொங்கப்போட்டார்.

இறங்கி வந்தவள் திட்டவில்லை. சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, காய்ந்த தரையில், தண்ணீருக்குள் நடப்பவளைப் போல, காலால் துழாவித் துழாவி வாசலுக்குப் போனாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“கைலிய மடிச்சுக் கட்டுங்கண்ணே. நனையுது.”