மூச்சு வாங்கிய ஜெசிந்தா

பாடகி ஜெசிந்தாவுக்கு அச்சு அசலாக அவளைப் போலவே இருக்கும் மின்னுருவங்கள் மூன்று. ஒன்று பாடியது, ஒன்று ஆடியது, ஒன்று தொலைக்காட்சியில் நடுவராக உட்கார்ந்து அழுதது. மூன்றுக்குமே தேதி கிடைக்காததால்தான் தூத்துக்குடி விழாவுக்கு அசல் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள்.

ஐம்பது வயதில் ஆடிக்கொண்டே பாடியவளுக்குப் பாதிப் பாட்டில் மூச்சு வாங்கியது. கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது. அவளுக்கோ மானம் போயிற்று. ஒரு வருடம் கடற்கரையில் ஓடி ஓடி மூச்சைப் பழக்கினாள்.

மறுவருடம் அதே மேடையில் பிசிறில்லாமல் பாடி முடித்தாள். ஒருவரும் கைதட்டவில்லை.

"ஏமாத்திட்டானுவ அண்ணாச்சி. இது மெஷினு. நெசமான ஆளுன்னா இந்நேரம் மூச்சு வாங்கிருக்கும்லா?" என்றார் முன்வரிசைக்காரர், பக்கத்து நாற்காலி அண்ணாச்சியிடம்.

அது காதில் விழுந்ததும் ஜெசிந்தா அவசர அவசரமாக மூச்சிரைத்துக் காட்டினாள்.

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார்.

"புது மாடல்டே. இப்ப மூச்சும் வாங்குது."